தொப்பூர் இறக்கத்தில் ஸ்பீடு கவர்னர் காப்பாற்றாது

தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்த செய்தி வந்தாலே "ஸ்பீடு கவர்னரைக் கழற்றிவிட்டு ஓட்டியிருப்பான்" என்று நாலு பேர் எழுதிவிடுகிறார்கள். வண்டி குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டாமல் தடுக்கும் அந்தக் கருவி ஒழுங்காக இருந்தாலும் அந்த இறக்கத்தில் அதற்கு வேலையே இல்லை. 2015 அக்டோபர் 1 முதல் தயாராகும் சரக்கு லாரிகளுக்கு மணிக்கு 80 கிலோமீட்டர், டேங்கர், டிப்பருக்கு 60 என்று கம்பெனியே கவர்னரைப் பூட்டித் தர வேண்டும் என்பது விதி. ஆனால் கவர்னர் குறைப்பது டீசலைத்தான். தருமபுரியிலிருந்து சேலம் பக்கம் இறங்கும்போது வண்டியைத் தள்ளுவது லோடு.

அங்கே ஆளைக் கொல்வது நியூட்ரல். கியரை எடுத்துவிட்டால் இன்ஜின் பிடிமானம் போச்சு, புகைபோகும் வழியை அடைத்து இன்ஜினாலேயே வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கும் வேலை செய்யாது. மொத்த எடையும் கால் பிரேக்கின் மேல் விழும். பத்து சக்கர வண்டிக்கு அனுமதித்த மொத்த எடையே 28.5 டன். வேகம் 30-லிருந்து 60 ஆனால் பிரேக் விழுங்க வேண்டிய சக்தி நாலு மடங்கு. சக்கரத்தோடு சுற்றும் பிரேக் டிரம் சூடேறி விரியும், அதை உரசிப் பிடிக்க வேண்டிய லைனிங் பிடிக்காது. லாரி பிரேக் காற்றழுத்தத்தில் இயங்குவது; ஐடிலில், அதாவது ஆக்ஸிலேட்டர் மிதிக்காமல், ஓடும் இன்ஜினில் கம்ப்ரஸரும் மெதுவாகத்தான் காற்று ஏற்றும். காலை வைத்து வைத்து எடுத்தால் டேங்கில் ஏர் இறங்கிவிடும். அப்போது பதறி கியர் போடப் பார்த்தால், அந்த வேகத்தில் விழாது.

இத்தனையும் டீசல் மிச்சம் பிடிக்க என்பதுதான் கொடுமை. லேசான சரிவில் நியூட்ரலில் கொஞ்சம் மிச்சமாகலாம், உண்மைதான். செங்குத்தான இறக்கத்தில் கிடையாது. டீசலை எலக்ட்ரானிக் முறையில் அளந்து விடும் இப்போதைய காமன் ரயில் இன்ஜினில் கியரோடு இறங்கி ஆக்ஸிலேட்டரை விட்டால் இன்ஜெக்டர் டீசலையே நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் ஐடிலுக்கு டீசல் குடிக்கும்!

பழைய டிரைவர்கள் சொல்வது சரி: ஏற எந்த கியர் வேண்டுமோ அதே கியரில் இறங்கு. இப்போதைய வண்டிக்கு அதற்கும் குறைந்த கியர்கூடத் தேவைப்படலாம். எந்த கியரானாலும் இறக்கம் தொடங்குமுன் போட்டுவிட வேண்டும். பிரேக்கில் காலை லேசாக வைத்தபடியே வரக்கூடாது. அழுத்தி வேகத்தைக் குறைத்து, முழுசாக விட்டுவிட வேண்டும். புறப்படுமுன் பிரேக் இடைவெளியைச் சரியாக வைக்கும் ஸ்லாக் அட்ஜஸ்டரைப் பார்ப்பது அவசியம். புகை வந்தால் ஓரம் கட்டி, சக்கரத்துக்குக் கட்டை போட்டு ஆறவிடுங்கள். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றினால் வெடிப்பு விடும்.

அபராதம் எங்கே விழுகிறது பாருங்கள். ஓவர்லோடுக்கு 20,000 ரூபாய், கூடுதல் டன்னுக்கு 2,000. கனரக வண்டி வேகத்துக்கு 2,000 முதல் 4,000. எடைமேடையும் கேமராவும் பிடிப்பது இவ்வளவுதான். இறக்கத்தில் கேமரா படம் எடுக்கும்போது பிரேக் ஏற்கெனவே போயிருக்கும். சோதனை மேலே, இறக்கம் தொடங்குமிடத்தில் நடக்கட்டும்: லாரியை நிறுத்தி ஏர் பிரஷரைப் பார்த்து, கியரில் போட்டு அனுப்பட்டும்.

ஓனர்களுக்கும் ஒன்று. மைலேஜ் கூடினால் டிரைவருக்குக் காசு என்று வைத்துவிட்டு நியூட்ரல் போடாதே என்றால் யார் கேட்பார்? நீண்ட தூர வண்டிக்குக்கூட நாளைக்கு 10 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது என்று 1961-ன் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே சொன்னது. அதை மதித்த லாரி கம்பெனி எத்தனை? மைலேஜ் கணக்கிலிருந்து கணவாய்ப் பகுதியை எடுத்துவிடுங்கள், ஜிபிஎஸ்ஸில் பிரித்துப் பார்ப்பது பெரிய வேலையில்லை.