மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் பிரிந்தால் பதவி தப்புமா?

ஒரு கட்சியின் சட்டமன்ற உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் சேர்ந்து பிரிந்துவிட்டால், கட்சி மாறுவோரின் பதவியைப் பறிக்கும் கட்சித் தாவல் தடைச் சட்டம் அவர்களைத் தொடாது என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் பரவுகிறது. இது இன்றைய சட்டம் அன்று.

1985இல் 52ஆவது திருத்தத்தின் வழியே அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட பத்தாவது அட்டவணையே இந்தச் சட்டம். அதன் 3ஆம் பத்தி, அத்தகைய பிளவுக்கு உண்மையிலேயே பாதுகாப்பு அளித்தது. ஆனால் சிறிய கட்சிகளை எளிதில் உடைக்க அதுவே வழியாகிப்போனதால், 2003ஆம் ஆண்டின் 91ஆவது திருத்தம் அந்தப் பத்தியை முழுவதுமாக நீக்கிவிட்டது. மகாராஷ்டிர சிவசேனா வழக்கில் 2023 மே மாதம் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வும், பிளவைக் காரணம் காட்டித் தகுதிநீக்கத்திலிருந்து தப்ப முடியாது என்று தெளிவுபடுத்தியது.

உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்புக்கொண்டால் தகுதிநீக்கம் இல்லை என்ற கணக்கு 4ஆம் பத்தியில் இன்றும் உள்ளது. ஆனால் அது கட்சி வேறொரு கட்சியுடன் இணைவதற்கானது, தனி அணியாகப் பிரிந்து நிற்பதற்கானது அன்று. இந்த வேறுபாட்டைத்தான் பலரும் கவனிக்கத் தவறுகிறார்கள்.

மத்திய சட்ட அமைச்சகத்தின் இணையதளத்தில் உள்ள அரசியலமைப்பின் தற்போதைய பதிப்பில், பத்தாவது அட்டவணையின் 3ஆம் பத்தி நீக்கப்பட்டிருப்பதை எவரும் சரிபார்க்கலாம். வாக்காளரின் தீர்ப்பைக் காக்கும் சட்டத்தைப் பற்றிய இத்தவறான செய்தியை மேலும் பகிர வேண்டாம். அனுப்பியவருக்கும் இவ்விளக்கத்தைத் தெரிவியுங்கள்.