சி-ஆர்ம் வைத்து ஆபரேஷன் செய்தால் உடம்பில் கதிர்வீச்சு தங்குமா?

"எலும்பு ஆபரேஷனில் சி-ஆர்ம் எக்ஸ்ரே மெஷின் வைத்தால் கதிர்வீச்சு உடம்பிலேயே தங்கிவிடும், மூன்று நாளைக்குக் குழந்தையைத் தூக்கக் கூடாது" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. சி-ஆர்ம் என்பது ஆபரேஷன் நடக்கும்போதே எலும்பைத் திரையில் காட்டும் C வடிவ எக்ஸ்ரே மெஷின். அதன் பெடலை மிதிக்கும்போதுதான் எக்ஸ்ரே வரும், காலை எடுத்ததும் நின்றுவிடும், விளக்கை அணைத்ததும் வெளிச்சம் போய்விடுகிற மாதிரி. தைராய்டுக்குக் கொடுக்கும் கதிரியக்க அயோடின் வேறு விஷயம், அந்த மருந்து உடம்பில் சில நாள் இருக்கும், அதற்குத்தான் குழந்தைகளிடமிருந்து விலகி இருக்கச் சொல்வார்கள்.

உண்மையில் கவலைப்பட வேண்டியது அந்த அறையிலேயே வேலை செய்கிற டாக்டர், நர்ஸ், டெக்னீஷியன்களைப் பற்றித்தான். நோயாளியின் உடம்பில் பட்டுச் சிதறும் கதிர் அவர்கள் மேல் விழுகிறது. ஒரு மீட்டரில் நிற்பவர் இரண்டு மீட்டருக்கு நகர்ந்தாலே அது ஏறக்குறைய கால் பங்காகிவிடும். எக்ஸ்ரே கிளம்பும் குழாயை மேஜைக்கு அடியில் வைக்க வேண்டும், பக்கவாட்டுப் படம் எடுக்கும்போது குழாய் இருக்கும் பக்கம் நிற்கக் கூடாது, பெடலை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்காமல் ஒரு தட்டு தட்டிவிட்டுத் திரையில் நிற்கும் கடைசிப் படத்தைப் பார்த்தே வேலை செய்யலாம். ஈய ஏப்ரன் மட்டும் போதும் என்பதும் சரியில்லை, அது கண்ணையும் கழுத்தையும் மூடாது. கண்புரை ஆபத்து காரணமாக, ஊழியர்களின் கண் வில்லைக்கான ஆண்டுக் கதிர்வீச்சு வரம்பை 150 மில்லிசீவர்ட்டிலிருந்து (இது கதிர்வீச்சை அளக்கும் அலகு) சராசரியாக 20 ஆகக் குறைக்கச் சர்வதேசக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையம் 2011-லேயே பரிந்துரைத்துவிட்டது.

நோயாளிக்கும் கொஞ்சம் கதிர்வீச்சு படும்தான், கை கால் என்றால் மிகக் குறைவு, இடுப்பு, முதுகெலும்பு என்றால் கூடுதல். கர்ப்பமாக இருந்தாலோ, இருக்குமோ என்று சந்தேகம் இருந்தாலோ, தியேட்டருக்குள் போவதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.