காற்று இறங்கிய பந்து

1989ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்க செனட் குழு ஒன்றின் முன் அமர்ந்து டெக்ஸ்டர் மேன்லி கண்ணீர் விட்டார். வாஷிங்டனின் அமெரிக்கக் கால்பந்து அணியில் எதிரணியினர் அஞ்சி நடுங்கிய கறுப்பின வீரர் அவர். ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுகள் விளையாடிவிட்டு வந்த தமக்கு அப்போது ஒழுங்காக வாசிக்கத் தெரிந்திருக்கவில்லை என்பதைத்தான் அன்று அவர் நாடறியச் சொன்னார்.

கறுப்பின இளைஞர்கள் பந்தின் பின்னால் ஓடிப் படிப்பைக் கோட்டை விடுகிறார்கள் என்று யாராவது பேசும்போதெல்லாம், வகுப்புக்கு வகுப்பு மேன்லியை மேலே தள்ளிவிட்ட ஆசிரியர்களை நினைத்துக்கொள்வேன். கோட்டை விட்டது அவர் மட்டும்தானா?

அதே ஆண்டு ஜனவரியில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஜான் தாம்சன், ஆட்டம் தொடங்கும் நேரத்தில் அரங்கை விட்டு வெளியேறினார். நுழைவுத் தகுதி மதிப்பெண்ணை எட்டாத வீரர்களுக்கு முதலாண்டு உதவித்தொகையையும் மறுக்கும் புதிய விதிக்கு அவர் காட்டிய எதிர்ப்பு அது. படிப்பை வலியுறுத்தும் மனிதர் மதிப்பெண் விதியை எதிர்ப்பதா என்று எனக்கும் முதலில் முரணாகத்தான் பட்டது. ஆனால் வசதியற்ற பள்ளியில் படித்த பிள்ளையைப் பதினெட்டு வயதில் வாசலிலேயே நிறுத்துவதைத்தான் அவர் எதிர்த்தார். உள்ளே வந்துவிட்டவர்களை அவர் சும்மா விடவில்லை. அவரிடம் நான்கு ஆண்டுகளும் தங்கிய வீரர்களில் 97 விழுக்காட்டினர் பட்டம் பெற்றனர். பந்தில் இருப்பது வெறும் காற்று, அது இறங்கிய பிறகு கையில் என்ன இருக்கும் என்று வீரர்களுக்கு நினைவூட்ட, காற்றில்லாத பந்து ஒன்றைத் தம் அறையில் வைத்திருந்தார். அவருடைய வீரர் பாட்ரிக் யூயிங் இடையிலேயே தொழில்முறை ஆட்டத்துக்குப் போயிருக்கலாம்; மகன் பட்டம் பெற வேண்டும் என்று விரும்பிய தாய் 1983இல் இறந்த பிறகும் இருந்து படித்து முடித்து, 1985இல் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்பிஏவின் அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது முதல் ஆளாகப் போனார்.

எல்லோரும் யூயிங் ஆக முடியாது. இன்றைய என்பிஏ தேர்வில் உலகம் முழுவதற்கும் சேர்த்தே ஆண்டுக்கு ஏறத்தாழ 60 இடங்கள்தான். மற்றவர்களுக்கு மிஞ்சுவது பட்டம் மட்டுமே என்னும்போது, அந்தப் பட்டத்தின் உள்ளடக்கம் என்ன?

வட கரோலினா பல்கலைக்கழகத்தில் 18 ஆண்டுகள் வகுப்பே நடக்காத பாடங்கள் நடந்தன. எழுதித் தர வேண்டியது ஒரே ஒரு கட்டுரை. அதற்கும் மதிப்பெண் போட்டவர் பேராசிரியர் அல்லர், துறையின் அலுவலகப் பணியாளர். பயன்பெற்ற 3,100 மாணவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் விளையாட்டு வீரர்கள். கறுப்பின மக்களின் வரலாற்றைக் கற்பிக்கும் துறையிலேயே இது நடந்தது என்பதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. மற்ற மாணவர்களும் அந்தப் பாடங்களை எடுத்திருந்தார்கள் என்பதைக் காரணம் காட்டி, கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் சங்கம் 2017இல் அந்தப் பல்கலைக்கழகத்தைத் தண்டனையின்றி விட்டுவிட்டது.

மேன்லி வாசிக்கக் கற்றுக்கொண்டார். தொழில்முறை வீரராகிப் பெயரும் பணமும் சம்பாதித்த பிறகு, வாஷிங்டனில் கற்றல் குறைபாடு உள்ளவர்களுக்கான ஒரு பள்ளிக்குத் தாமாகவே போய்.