காவலர் சங்கம் பேச வேண்டியதும் பேசக் கூடாததும்

காவல்துறையில் பணியாற்றுகிறவர்களுக்குச் சங்கம் வேண்டுமா என்ற கேள்வி எழும்போதெல்லாம் இரண்டு பதில்கள் உடனடியாக வந்து விழுகின்றன. சீருடைப் பணியில் சங்கம் என்ற பேச்சே ஒழுங்கீனம் என்பது ஒன்று. ஏற்கெனவே கேட்பாரற்ற அதிகாரம் கொண்டவர்களுக்குச் சங்கமும் சேர்ந்துவிட்டால் பொதுமக்களின் கதி என்ன என்பது மற்றொன்று. முன்னதைப் பெரும்பாலும் உயர் அதிகாரிகளும், பின்னதை மனித உரிமைகளில் அக்கறை கொண்ட நண்பர்களும் சொல்கிறார்கள். முதல் பதிலை நான் ஏற்கவில்லை. இரண்டாவதில் நியாயம் இருக்கிறது என்றாலும், சங்கமே கூடாது என்ற முடிவுக்கு அது நம்மைக் கொண்டுசெல்லாது. சங்கத்தின் எல்லை எது என்று கறாராக வரையறுக்க வேண்டும் என்ற இடத்துக்கே கொண்டுசெல்லும்.

சட்டம் எங்கே நிற்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆயுதப் படையினர், பொது ஒழுங்கைக் காக்கும் படையினர் ஆகியோரின் அடிப்படை உரிமைகளைக் கட்டுப்படுத்த அரசியலமைப்பின் 33ஆவது பிரிவு நாடாளுமன்றத்துக்கு இடமளிக்கிறது. அதன்படி 1966ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட காவல் படைகள் (உரிமைக் கட்டுப்பாடு) சட்டம், உரிய அனுமதியின்றித் தொழிற்சங்கத்தில் சேர்வதையும், படையின் ஓர் அங்கமாக அங்கீகரிக்கப்படாத அமைப்பில் உறுப்பினராவதையும், பத்திரிகைகளுடன் தொடர்பு கொள்வதையும் தடை செய்கிறது. மீறினால் 2 ஆண்டுகள் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சமயம், பொழுதுபோக்கு சார்ந்த அமைப்புகளுக்குத் தடையில்லை. ஆக, ஒரு காவலர் சக காவலர்களோடு சேர்ந்து திருவிழா நடத்தலாம், தங்களுடைய பணிநேரத்தைப் பற்றிப் பேசுவதற்கு மட்டும் ஒன்றுகூட முடியாது. டெல்லிக் காவல்துறையின் கீழ்நிலைப் பணியாளர் சங்கம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986இல் இந்தச் சட்டத்தைச் செல்லும் என்று உறுதி செய்துவிட்டது. இத்தனைக்கும் நடுவே இந்தியக் காவல் பணி அதிகாரிகளுக்கு, அதாவது ஐ.பி.எஸ். அதிகாரிகளுக்கு, சங்கம் இருக்கிறது. அது அறிக்கைகளும் வெளியிடுகிறது. அதில் எனக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை. அது ஒழுங்கைக் குலைக்கவில்லை என்றால் தலைமைக் காவலர்களின் சங்கம் மட்டும் எப்படிக் குலைக்கும் என்பதற்குத்தான் எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

பணிச்சூழலைப் பற்றிய தகவல்கள் ஒளிவுமறைவானவை அல்ல. ஒரு காவலர் எப்போதும் பணியில் இருப்பவராகவே கருதப்படுவார் என்று 1861ஆம் ஆண்டின் காவல் சட்டம் சொல்லிற்று. காலனி ஆட்சி தன் வசதிக்காக எழுதிக்கொண்ட அந்த வாசகம் இன்றுவரை ஒரு மனப்போக்காகத் துறைக்குள் தங்கியிருக்கிறது. காவல் ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு அமைப்புக்காக 2014இல் நடத்தப்பட்ட ஆய்வில், காவல் நிலையப் பணியாளர்களில் ஏறத்தாழ 90 சதவீதத்தினர் நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்வது தெரியவந்தது. 2019இல் காமன் காஸ், சி.எஸ்.டி.எஸ். ஆகிய அமைப்புகள் வெளியிட்ட அறிக்கை, இந்தியக் காவலர் ஒருவரின் சராசரி வேலைநேரம் நாளுக்கு 14 மணி நேரம் என்றது. பதினான்கு மணி நேரம் விழித்திருந்த ஒருவரிடம்தான் நாம் பதற்றத்தோடு புகார் மனுவை நீட்டுகிறோம். அவர் கையில்தான் தடியும், சில வேளைகளில் துப்பாக்கியும் இருக்கின்றன. ஆகவே இது அவர்களுடைய வீட்டுக் கவலை மட்டுமன்று.

குறைகள் இருப்பது ஒரு பக்கம் இருக்கட்டும், அவை எந்த வழியாக மேலே செல்கின்றன என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. தமிழ்நாட்டில் காவலர்களுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு வழங்க 2021இல் அரசாணை வந்தது. நல்ல ஆணை. ஆனால் நிலையத்தில் ஆள் குறைவு என்றோ, திடீர் பந்தோபஸ்து என்றோ அந்த ஓய்வு பறிக்கப்படும்போது, அதைப் பற்றி ஒரு காவலர் யாரிடம் முறையிடுவார்? ஓய்வை மறுத்த அதே அதிகாரி வழியாகத்தான் மனு மேலே போக வேண்டும். அவரே மறுநாள் பணி ஒதுக்குகிறவர், விடுப்புக்குப் பரிந்துரைக்கிறவர், மெமோ கொடுக்கக்கூடியவர். தனியாளாகக் கேட்பவர் ‘பிரச்சினை பண்ணுகிற ஆள்’ என்று பெயர் வாங்குவார். பிறகு காவல்துறையின் ஆயுதப்படைப் பிரிவுக்கு மாற்றமோ, தொலைதூர நிலையத்துக்கு மாற்றமோ ‘நிர்வாகக் காரணம்’ என்ற பெயரில் வந்து சேரும். கண்காணிப்பாளர் நடத்தும் குறைதீர்க்கும் நாள் சில மாவட்டங்களில் உண்மையாகவே பயன்படுகிறது என்பதை மறுக்கவில்லை. எனினும் அது அந்த அதிகாரியின் நல்ல குணத்தைப் பொறுத்தது. அவர் மாறிப் போனால் அந்த நாளும் அவரோடு போய்விடும்.

ஆர்டர்லி முறை இதற்கு ஆகச் சிறந்த உதாரணம். உயர் அதிகாரிகளின் வீட்டு வேலைக்குக் காவலர்களை வைத்துக்கொள்ளும் அந்த முறையை ஒழிப்பதாகத் தமிழக அரசு ஆணையிட்டது 1979ஆம் ஆண்டில். அதே முறை இன்னும் தொடர்கிறதே என்று சென்னை உயர் நீதிமன்றம் கடிந்துகொண்டு, அதை ஒழிக்க உத்தரவிட நேர்ந்தது 2022இல். இடையில் 43 ஆண்டுகள். எத்தனை ஆட்சிகள், எத்தனை தலைமை இயக்குநர்கள் வந்து போனார்கள்! ஆணை தாளில் இருந்தது. அதை மீறுகிறவர்கள் மேலே இருந்தார்கள். மீறப்படுவதை அன்றாடம் கண்ணால் கண்டவர்களுக்கோ வாய் திறக்கும் உரிமை இல்லை. அங்கீகாரம் பெற்ற சங்கம் ஒன்று இருந்திருந்தால், மாவட்டம்தோறும் எத்தனை பேர் எந்தெந்த வீடுகளில் இருக்கிறார்கள் என்ற பட்டியலை அது ஆண்டுதோறும் அரசின் மேசையில் வைத்திருக்கும். நீதிமன்றம் வரை போக வேண்டிய தேவையே எழுந்திருக்காது.

சங்கம் கூடாது என்று மறுப்பதால் குமுறல் அடங்கிவிடும் என்று நினைப்பவர்கள் வரலாற்றைப் பார்க்க வேண்டும். 1918 ஆகஸ்டில் லண்டன் மாநகரக் காவலர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஊதிய உயர்வும், சங்கம் சேர்த்ததற்காக நீக்கப்பட்ட காவலரை மீண்டும் பணியில் சேர்ப்பதும் அவர்களுடைய கோரிக்கைகளில் அடங்கும். ஆணையர் எட்வர்டு ஹென்றி பதவி விலகினார். அடுத்த ஆண்டு பிரிட்டிஷ் அரசு சட்டம் இயற்றித் தொழிற்சங்கத்தைத் தடை செய்தது. ஆனால் அதே சட்டத்தால் வேலைநிறுத்த உரிமை இல்லாத ஒரு காவலர் கூட்டமைப்பையும் உருவாக்கியது. அது ஒரு நூற்றாண்டைக் கடந்து இன்றும் இயங்குகிறது. அதே 1919இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சங்கம் அமைத்ததற்காகத் தலைவர்கள் 19 பேரை ஆணையர் இடைநீக்கம் செய்ய, சுமார் 1,100 காவலர்கள் வேலையை விட்டு வெளியேறினார்கள். நகரில் கொள்ளையும் கலவரமும் மூண்டன. வெளியேறியவர்களில் ஒருவரைக்கூட மீண்டும் சேர்க்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், அவர்கள் கேட்ட கூடுதல் ஊதியமும், அரசுச் செலவில் சீருடையும் அவர்களுக்குப் பதிலாக வந்த புதியவர்களுக்குக் கிடைத்தன. கொடுக்க முடிந்ததைத்தான் கேட்டிருக்கிறார்கள். நம் நாட்டிலும் 1973 மே மாதம் உத்தரப் பிரதேச ஆயுதக் காவல் படையில் எழுந்த கலகத்தை அடக்க ராணுவம் அழைக்கப்பட்டது. முதலமைச்சர் கமலாபதி திரிபாதி பதவி விலக நேர்ந்தது. 1979இல் பஞ்சாபில் தொடங்கிய காவலர் கிளர்ச்சி பல மாநிலங்களுக்கும், மத்தியப் படைகளுக்கும்கூடப் பரவியது. நம் நாட்டில் நடந்த இவ்விரண்டும் 1966ஆம் ஆண்டின் தடைச் சட்டம் நடைமுறையில் இருந்த காலத்திலேயே நடந்தவை.

துறைத் தலைமையை விமர்சிக்கும் உரிமை சங்கத்துக்கு உண்டா என்பது இதைவிடச் சிக்கலான கேள்வி. அமெரிக்காவின் பல நகரங்களில் காவலர் சங்கங்கள் தலைமை அதிகாரியின் மீது நம்பிக்கையில்லா வாக்கெடுப்பு நடத்துவது வழக்கம். அதற்குச் சட்ட வலிமை கிடையாது. மேயரோ நகரமன்றமோ அதைப் புறக்கணிக்கலாம். ஆயினும் ஊழியர்கள் தலைமையைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பது ஊருக்குத் தெரிந்துவிடுகிறது. இதில் ஒரு விபரீதமும் உண்டு. பாரபட்சமாகப் பதவி உயர்வு தரும் தலைவர் மீதும் அந்த வாக்கெடுப்பு பாயும், வன்முறையில் ஈடுபட்டவர்களைத் தண்டிக்கத் துணிந்த தலைவர் மீதும் அதே வாக்கெடுப்பு பாயும். எண்ணிக்கையை மட்டும் பார்த்து எது நியாயம் என்று சொல்லிவிட முடியாது. என்னைக் கேட்டால், தலைமையைப் பற்றிய சங்கத்தின் கருத்து காரணங்களோடு எழுத்தில் வர வேண்டும். அந்தக் காரணங்கள் பணி ஒதுக்கீடு, மாற்றம், பதவி உயர்வு, பாதுகாப்புக் கருவிகள் போன்ற நிர்வாக முடிவுகளைச் சார்ந்திருக்க வேண்டும். காவல்துறைச் சீர்திருத்தம் கோரிய பிரகாஷ் சிங் வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய வழிகாட்டுதல்களில், மாற்றங்களையும் பதவி உயர்வுகளையும் முடிவு செய்யும் காவல் பணியமைப்பு வாரியமும் ஒன்று. அந்த வாரியத்தில் இடம்பெறுபவர்கள் உயர் அதிகாரிகள் மட்டுமே. மாற்றல் ஆணையால் குழந்தையின் பள்ளியை மாற்ற வேண்டியவரின் குரல் அங்கே ஒலிப்பதற்கு வழியே இல்லை.

இனி, சங்கம் காவலர்களின் அதிகாரத்தைக் கூட்டிவிடும் என்று அஞ்சும் மனித உரிமை நண்பர்களின் அச்சத்துக்கு வருகிறேன். அது கற்பனையான அச்சமன்று. குற்றச்சாட்டுக்கு உள்ளான காவலரை விசாரிக்கும்போது அவருக்குப் பல தனிப் பாதுகாப்புகளை அளிக்கும் சட்டத்தை அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலம் 1974இல் இயற்றிற்று. வேறு பல மாநிலங்களும் பின்தொடர்ந்தன. அந்த மேரிலாண்டே 2021இல் அதை நீக்கியது. 2006 முதல் அந்நாட்டின் பெரிய காவல் துறைகளில் தவறான நடத்தைக்காக நீக்கப்பட்ட 1,881 பேரில் 450க்கும் மேற்பட்டோர், சங்க ஒப்பந்தங்கள் தந்த மேல்முறையீட்டு வழியாக மீண்டும் பணிக்கு வந்துவிட்டனர் என்று வாஷிங்டன் போஸ்ட் 2017இல் கணக்கிட்டது. மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்டு என்ற கறுப்பினத்தவர் காவலர் ஒருவரால் கொல்லப்பட்ட பின், 2020 ஜூனில், அந்நகரின் காவல்துறைத் தலைவர் சங்கத்துடனான ஒப்பந்தப் பேச்சிலிருந்தே விலகினார். காவல் நிலைய மரணங்களை இன்றும் கண்டுவரும் நமக்கு இந்த எச்சரிக்கை போதும்.

ஆகவே கோடு இங்கேதான் கிழிக்கப்பட வேண்டும். வேலைநேரம், ஓய்வு, குடியிருப்பு, மாற்றம், பெண் காவலர்களுக்கான கழிப்பறையும் பேறுகால விடுப்பும், மனநலம், துறைக்குள் நடக்கும் அவமதிப்பு ஆகிய அனைத்திலும் சங்கம் உரக்கப் பேசட்டும். பெண் காவலர்கள் பல மணி நேரம் பந்தோபஸ்தில் நிற்கும்போது நடமாடும் கழிப்பறை வேண்டும் என்பதுகூட மேலிருந்து யாரோ இரக்கப்பட்டுத் தர வேண்டிய சலுகையாக இருக்கக் கூடாது. ஆனால் ஒரு குடிமகன் காவலர் மீது கொடுத்த புகாரை யார் விசாரிப்பது, எப்படி விசாரிப்பது, என்ன தண்டனை என்பதில் சங்கத்துக்கு எந்த இருக்கையும் இருக்கக் கூடாது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு; அதற்கு மேல் எதுவும் வேண்டியதில்லை. வேலைநிறுத்த உரிமையும் வேண்டாம். அதற்கு ஈடாக, பேச்சு முறிந்தால் குறிப்பிட்ட காலத்துக்குள் முடிவு சொல்லும் சுதந்திரமான நடுவர் ஒருவர் வேண்டும். அது இல்லாமல் வேலைநிறுத்தத்தை மட்டும் தடுப்பது ஏமாற்று.

இதற்கெல்லாம் புதிய நாடாளுமன்றச் சட்டம் தேவை என்று யாரும் சாக்குச் சொல்ல வேண்டாம். 1966ஆம் ஆண்டின் சட்டம் தடுப்பது, அனுமதி பெறாத, படையின் அங்கமாக அங்கீகரிக்கப்படாத அமைப்புகளைத்தான். அங்கீகரிக்கலாம் என்ற வாசல் அந்த வாசகத்திலேயே திறந்திருக்கிறது. அந்த வாசல் வழியாகவே கேரளத்தில் காவலர் சங்கங்கள் பல பத்தாண்டுகளாக அங்கீகாரத்துடன் செயல்படுகின்றன. கட்சிச் சாயல் பற்றிய புகார்கள் அவ்வப்போது அங்கே எழுகின்றன என்பதும் உண்மை. அதனால் இங்கே தொடங்கும்போதே நிர்வாகிகளை ரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கும் விதியும், கட்சிகளிடம் நன்கொடை பெறத் தடையும், ஆண்டுக் கணக்கைப் பொதுவில் வெளியிடும் கட்டாயமும் இருக்கட்டும். முதல் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில், கடந்த ஓராண்டில் வார ஓய்வு எத்தனை முறை மறுக்கப்பட்டது என்ற நிலையவாரிக் கணக்கை முதல் பொருளாக வைக்கலாம்.