அந்த நர்ஸ் பெண்ணைத் திட்டுவதை நிறுத்துங்கள்

நேற்றிலிருந்து அந்த வீடியோவை எனக்கு அனுப்பாதவர்கள் இல்லை. வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ஐசியு நோயாளி வழியிலேயே இறந்துபோக, ஆம்புலன்ஸ் கதவைப் பிடித்துக்கொண்டு அழுகிறாளே கூடப் போன நர்ஸ், அந்தப் பெண்ணுக்கு இருபத்திரண்டு வயதுகூட இருக்காது. அவளைத்தான் எல்லோரும் திட்டுகிறீர்கள். சிலர் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் வழியை அடைத்து நிற்கும் கண்டெய்னர் லாரிகளைத் திட்டுகிறீர்கள். இவளுக்கு இந்த வேலையை யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

ஐசியு நோயாளியை ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோவது தனி வேலை. அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். வார்டில் சுவரிலிருந்தே ஆக்சிஜன் வரும், கூப்பிட்டால் சீனியர் வருவார். வண்டிக்குள் நீங்களும் ஒரு சிலிண்டரும்தான்.

நானும் நர்ஸ்தான். வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது மாதம். திருவொற்றியூர் பக்கம் ஒரு நர்சிங் ஹோம். மூச்சுவிட வாய்வழியாக டியூப் போட்ட பெரியவர் ஒருவரோடு "நீ போயிட்டு வா" என்று ஏற்றிவிட்டார்கள். வழியில் சிலிண்டர் முள் சிவப்புக்கு இறங்கியது. ஸ்பேர் சிலிண்டர் காலடியில் முழுதாக இருந்தது. அதைத் திறக்கும் சாவி ஐசியு டிராலியிலேயே கிடந்தது. கையால் அமுக்கி மூச்சு கொடுக்கும் பையை, ஆம்பு பேக்கை, ஆக்சிஜன் இல்லாமல் வெறும் காற்றில் அமுக்கினேன். சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, 90, 84, 76 என்று இறங்கியது. அவர் மகள், "சிஸ்டர், அப்பாவுக்கு ஒன்னும் ஆகாதுல்ல?" என்றாள். டிரைவர் அண்ணன் குதித்து ஓடி, பக்கத்தில் நின்ற கண்டெய்னர் லாரிக்காரரிடம் ஸ்பேனர் வாங்கி வந்து திறந்தார். நீங்கள் திட்டுகிற அதே லாரிதான்.

பி டைப் சிலிண்டர் முழுதாக இருந்தால் சுமார் 1,500 லிட்டர். நிமிடத்துக்கு 15 லிட்டர் போனால் 100 நிமிடம் வரும். முள் பாதியில் இருந்தால் 50. போகிற நேரத்துக்கு இரண்டு மடங்கு கையில் இருக்க வேண்டும். ஐந்தாம் வகுப்புக் கணக்கு, அதைக்கூட எனக்கு யாரும் சொல்லவில்லை. டியூப் உதட்டில் எத்தனை சென்டிமீட்டரில் நிற்கிறது, பிரஷர் விழாமல் தாங்கும் நார்அட்ரினலின் மருந்து சிரிஞ்ச் எப்போது தீரும், அதைச் செலுத்தும் பம்ப்பின் பேட்டரி தாங்குமா, எல்லாமே கிளம்பும் முன் பார்க்க வேண்டியவை. ஓடுகிற வண்டியில் டியூப் போடுவது பெரும்பாடு. மூச்சு நிற்குமோ என்ற சந்தேகம் இருந்தால் கட்டிலிலேயே போட்டுவிட்டுத்தான் நகர்த்த வேண்டும்.

"ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம், செக்லிஸ்ட் பார்க்க நேரம் ஏது" என்கிறார்கள். ரோட்டில் அடிபட்டுக் கிடப்பவருக்கு அது சரி. உள்ளே ரத்தம் கொட்டுகிறவரும் உடனே போயாக வேண்டும். மற்ற பலருக்கு, அரை மணி நேரம் எடுத்து பிரஷரை நிலைப்படுத்திவிட்டுக் கிளம்புவதுதான் பாதுகாப்பு. யார் எந்த ரகம் என்று பிரித்துப் பார்க்கவும் பயிற்சிதான் வேண்டும்.

"டாக்டர் போக வேண்டியதுதானே" என்று ஒருவர். போகட்டும். ஆனால் நேற்று எம்பிபிஎஸ் முடித்து வந்த தம்பிக்கும் இதை யாரும் சொல்லித்தரவில்லையே! ஆள் பற்றாக்குறை என்கிறார்கள். உண்மைதான், அதற்காகத் தெரியாத ஆளை அனுப்பலாமா?

108 வண்டி 2008-லிருந்து ஓடுகிறது. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை என்ற திட்டம் 2021-ல் வந்தது. இரண்டையும் நான் குறை சொல்ல மாட்டேன், எத்தனையோ பேர் பிழைத்திருக்கிறார்கள். அந்த 48 மணி நேரத்தில் ஒரு மணி நேரம் வண்டிக்குள் கழிந்தால், அப்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பது யார் என்றுதான் கேட்கிறேன்.

"பை அமுக்கத்தானே போனாள், அதுகூடத் தெரியாதா" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நான் அமுக்கியிருக்கிறேன், ஐயா. மறுநாள் கட்டைவிரல் மடங்கவில்லை. அந்தப் பெரியவர் உயிரோடு போய்ச் சேர்ந்தார் என்பதால் என்னை யாரும் வீடியோ எடுக்கவில்லை. எனக்கும் அவளுக்கும் நடுவே ஒரு ஸ்பேனர்தான் வித்தியாசம்.

அந்தப் பெண்ணைத் தெரிந்தவர்கள் இருந்தால் என்னிடம் பேசச் சொல்லுங்கள். நைட் டூட்டி முடிந்து காலை எட்டு மணிக்கு மேல் போன் எடுப்பேன்.