போனஸ் மட்டும் போதுமா?

ஊக்கத்தொகையைக் கூட்டினால் ஆட்கள் தானாக உழைப்பார்கள் என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. இங்கே பர்மாவின் யாங்கோனில் அரிசியும் எண்ணெயும் விற்கிற விலைக்குச் சம்பளம் போதவில்லை என்றால் யாருக்கும் வேலையில் மனம் நிற்காது, அது முதலில் சரியாக வேண்டும். அதற்கு அப்புறம்?

1971-ல் அமெரிக்காவில் எட்வர்ட் டெசி என்ற உளவியலாளர் கல்லூரி மாணவர்களுக்குக் கட்டைகளைச் சேர்த்து உருவம் அமைக்கும் புதிர்கள் கொடுத்துப் பார்த்தார். ஒரு குழுவுக்கு மட்டும் புதிருக்கு ஒரு டாலர் கொடுத்து, பிறகு பணத்தை நிறுத்தியதும், ஓய்வு நேரத்தில் புதிரைத் தொடுவதையே அவர்கள் குறைத்துக்கொண்டார்கள். 1973-ல் படம் வரையப் பிடித்த சின்னப் பிள்ளைகளிடமும் அப்படித்தான்: பரிசு உண்டு என்று முன்கூட்டியே சொல்லி வரைய வைத்த பிள்ளைகளுக்கு ஆர்வம் குறைந்தது, எதிர்பாராமல் பரிசு கிடைத்தவர்களுக்குக் குறையவில்லை. இந்த வித்தியாசத்தைத்தான் கட்டுரை விட்டுவிட்டது.

பணமில்லாமலும் மனம் வைத்து உழைப்பதற்கு இங்கேயே உதாரணம் உண்டு. 1960களில் தமிழ்ப் பள்ளிகள் உட்பட தனியார் பள்ளிகள் அரசுடைமையான பிறகும் பர்மாவில் தமிழ் மிஞ்சியதற்குக் கோயில்களிலும் வீடுகளிலும் சொல்லிக்கொடுத்தவர்கள் பெரிய காரணம். எங்கள் கோயில் வகுப்பில் பாடம் எடுக்கும் அக்கா வாரம் முழுக்கக் கடையில் கால்கடுக்க நின்றுவிட்டு ஞாயிற்றுக்கிழமை முதல் ஆளாக வந்துவிடுகிறார், சம்பளம் கிடையாது. எதை எப்படி நடத்துவது என்பது அவர் முடிவு, பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிப்பது கண்ணெதிரே தெரிகிறது, பெற்றோர் வாய் நிறைய டீச்சர் என்று கூப்பிடுகிறார்கள். அதே அக்கா கடையில் ஒரு டப்பாவை இடம் மாற்றி வைக்கக்கூட முதலாளியைக் கேட்க வேண்டும். போனஸ் கொடுங்கள், கூடவே முடிவெடுக்கும் உரிமை, கண்ணெதிரே தெரியும் பலன், மரியாதை இவற்றையும் கவனியுங்கள் என்று முதலாளிகளுக்கு ஒரு கட்டுரை எழுதுங்கள் ஐயா.