ரீசெட் ஓட்டையில் கை வைக்காதீர்கள்!

"உங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது." எதைத் தீர்த்தீர்கள்? அதுவரை ஓடிக்கொண்டிருந்ததையும் சேர்த்துத் தீர்த்துக்கட்டிவிட்டு எஸ்எம்எஸ் அனுப்புகிறீர்களே, இணைய கம்பெனிக்காரர்களே!

ஒரு வீட்டில் சொந்தமாக சர்வர் ஓடுகிறது, குடும்பப் படங்களை அதில் வைத்து வெளியூரிலிருந்தும் திறந்து பார்க்க. அந்த வீட்டுக்காகக் கொடுத்த புகார் மூன்றே வரி. வீட்டிலிருந்து வெளியே எல்லாம் போகிறது. வெளியிலிருந்து வீட்டுக்குள் எதுவும் வரவில்லை. ரவுட்டரின் வான் (WAN, வெளிப்பக்க) முகவரி 100.72 என்று தொடங்குகிறது, பழைய பொது முகவரியைத் திருப்பிக் கொடுங்கள். இவ்வளவுதான். இது அவர்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து கணினியில் மாற்ற வேண்டிய விஷயம். வீட்டுப் படியேற ஒரு ஆளுக்கும் வேலை கிடையாது.

ஆனாலும் ஆள் வந்தார். காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடு. வீட்டில் ஆச்சி மட்டும், மகன் சிங்கப்பூரில்.

"ஆச்சி, நெட்டு வருதுல்ல?"

"வருதுப்பா."

"பெறகு என்ன கம்ப்ளெயின்ட்டு?"

"தெரியலப்பா. அங்கன படம் தொறக்கலன்னு மகன் சொன்னான்."

உடனே போனை எடுத்து ஸ்பீட் டெஸ்ட். 94 வந்தது. "சூப்பரா இருக்கு ஆச்சி." ஐயா, யார் உங்களிடம் வேகத்தைப் பற்றிக் கேட்டது? வாசல் கதவைத் திறக்க முடியவில்லை என்று சொன்னால் கொல்லைக் கதவு நன்றாகத் திறக்கிறதே என்கிறீர்கள். அடுத்து மஞ்சள் பேட்ச் கார்டைப் பிடுங்கி, மீட்டரில் செருகிப் பார்த்தார். வெளிச்சத்தின் அளவு மைனஸ் 19 டிபிஎம். ஜிபான் என்ற இந்த வகை வீட்டு ஃபைபர் லைனுக்கு மைனஸ் 27 வரை தாங்கும், அதனால் ஃபைபரில் ஒரு குறையும் இல்லை. அந்த இடத்திலேயே கிளம்பியிருக்கலாம். கிளம்பவில்லை. ஆச்சியிடம் ஒரு ஊக்கு கேட்டு வாங்கி, ஓஎன்டியின் (ஃபைபர் வந்து முடியும் கம்பெனிப் பெட்டி) பின்னால் இருக்கும் அந்தச் சின்ன ஓட்டைக்குள் விட்டு, பத்து விநாடி அழுத்தினார்.

அந்தப் பத்து விநாடியில் என்ன போயிற்று தெரியுமா? ஓஎன்டி பிரிட்ஜ் மோடில் இருந்தது. அதாவது அது வெறும் குழாய்; கம்பெனி லைனில் லாகின் ஆகும் பிபிபிஓஈ யூசர்நேமும் பாஸ்வேர்டும் சொந்த ரவுட்டரில் இருந்தன. ரீசெட் ஆனதும் அது தானே ரவுட்டராகிவிட்டது. விஎல்ஏஎன் எண் (லைனுக்கான அடையாள எண்) போச்சு. கம்பெனியின் ரிமோட் சர்வர் தன் இஷ்டத்துக்குப் புது செட்டிங்கை உள்ளே தள்ளியது. புதுசாக ஒரு வைஃபை முளைத்தது, 192.168.1.1 என்ற முகவரியில் உட்கார்ந்தது. உள்ளே இருக்கும் சொந்த ரவுட்டருக்கும் அதே 192.168.1.1. வானிலும் லேனிலும் (வீட்டு உள்பக்கம்) ஒரே சப்நெட் (முகவரி வரிசை) நின்றால் டேட்டா பாக்கெட் எந்தப் பக்கம் போகும்? எந்தப் பக்கமும் போகாது. போதாததற்கு அந்த ரவுட்டர் இன்னும் பிபிபிஓஈ டயல் செய்துகொண்டே இருக்கிறது. எதிர்முனையில் எடுக்க ஆளில்லை.

இதைவிடக் கொதிப்பு ஏறுவது அடுத்த காட்சியில். அவர் ஆச்சியின் போனை அந்தப் புது வைஃபையில் சேர்த்துவிட்டார். மறுபடி ஸ்பீட் டெஸ்ட், மறுபடி 94. "எல்லாம் சரியாயிருச்சு ஆச்சி, ஓடிபி வந்திருக்கும் பாருங்க." ஆச்சி ஓடிபி சொன்னார். புகார் மூடப்பட்டது. இரண்டாம் கட்டில் சர்வர் உயிரோடு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் உலகத்தோடு அதற்குத் தொடர்பே இல்லை. சிஜிநாட்டுக்குப் பின்னால், அதாவது பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரியைக் கம்பெனி பங்கிட்டுக் கொடுக்கும் ஏற்பாட்டுக்குப் பின்னால், இருந்தபோதுகூட தினமும் இரவில் சிங்கப்பூருக்கு பேக்கப் போய்க்கொண்டிருந்தது. அது உள்ளிருந்து வெளியே போகும் டனல் (இரண்டு முனைக்கு நடுவே தனி இணைப்பு), அதற்குப் பொது முகவரி வேண்டாம். ஊக்கு அதையும் கொன்றுவிட்டது.

அந்த டிஸ்கில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியுமா? மூன்று தலைமுறைக் கல்யாணப் படங்கள், ஸ்கேன் செய்த இசைகுடிமானம் (நகரத்தார் கல்யாண ஒப்பந்தம்), ஐயா கையால் எழுதிய பேரேடுகள். இரும்புப் பெட்டகத்தில் வைத்துச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்ட வீட்டுக்காரர்கள், அதை யாரோ ஒருவனுடைய கிடங்கில் மாத வாடகைக்குப் போட்டுவைக்க மனசில்லாமல்தான் இந்தப் பாடு படுகிறார்கள். அது பொழுதுபோக்கு இல்லை.

சிஜிநாட் ஏன் வந்தது என்று நமக்கும் தெரியும். ஐபிவி4 முகவரி மொத்தமே சுமார் 430 கோடி. 2011 ஏப்ரலிலேயே நம் ஆசிய பசிபிக் வட்டாரம் கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டது. பல வீட்டுக்கு ஒரே முகவரி என்பது அதன் பலன். சரி, தட்டுப்பாடு. அதை நேராகச் சொல்லுங்களேன்! "போர்ட் ஓப்பன் பண்ணியாச்சு சார்" என்று, ஏதோ உள்ளே வரும் வாசலைத் திறந்துவிட்ட மாதிரி, மூன்று தடவை பொய் சொல்வானேன்? உங்கள் பக்கம் நாட் (முகவரி மாற்றும் வேலை) இருக்கும்போது வீட்டு ரவுட்டரில் ஆயிரம் போர்ட் திறந்தாலும் ஒரு பாக்கெட் வராது. ரவுட்டரின் வான் பக்கத்தைத் திறந்து பாருங்கள்: 100.64 முதல் 100.127 வரை எது இருந்தாலும் சிஜிநாட்தான். 10-ல் தொடங்கினாலும் அதே கதை. ஒரு எச்சரிக்கை: டெயில்ஸ்கேல் என்ற டனல் மென்பொருளும் அதே 100.64 வரிசையில்தான் முகவரி கொடுக்கும், அதனால் சர்வரில் தெரியும் எண்ணை வைத்து முடிவு கட்டாதீர்கள், ரவுட்டரில் பாருங்கள்.

இனி இந்த ஊக்குக்காரர்களிடமிருந்து வீட்டைக் காப்பாற்றும் வழி. சொந்த ரவுட்டருக்கு 192.168.1 வேண்டவே வேண்டாம், 192.168.0-வும் வேண்டாம். 10.37.5 மாதிரி யாரும் தொடாத ஒன்றை வையுங்கள். ரவுட்டரில் ஓடுவது ஓபன்டபிள்யூஆர்டி மென்பொருள் என்றால் அதே வான் போர்ட்டில் பிபிபிஓஈயோடு இரண்டாவதாக, தானாக முகவரி வாங்கும் ஒரு டிஹெச்சிபி இன்டர்ஃபேஸும் போட்டு, அது இரண்டாம் பட்சமாக நிற்கும்படி அதற்கு மெட்ரிக்கைக் கூட்டி வையுங்கள். ஓஎன்டியை யார் ரீசெட் செய்தாலும் டிஹெச்சிபி வழியாக லைன் எழுந்துவிடும். முகவரி இரண்டு தடவை மாறும் இரட்டை நாட் ஆனாலும் வெளியே போகும் டனல் சாகாது. விஎல்ஏஎன் எண், யூசர்நேம், பாஸ்வேர்டு மூன்றையும் தாளில் எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். அந்த ஓட்டை மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை இரண்டு சுற்று சுற்றுங்கள்.

உள்ளே வர வழி வேண்டுமென்றால், பொது முகவரி உள்ள சின்ன வாடகை சர்வர் ஒன்று எடுத்து, வீட்டிலிருந்து அதற்கு வயர்கார்டு டனல் போடுங்கள். வீட்டு முனையில் பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ் 25 (25 விநாடிக்கு ஒரு தடவை சும்மா தட்டுவது) இல்லாவிட்டால் நாட் கொஞ்ச நேரத்தில் மறந்துவிடும், அப்புறம் வெளியிலிருந்து கூப்பிட்டால் பதில் வராது. டனல் ஐபிவி6 மேல் ஓடினால் எம்டியூவை (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) 1412 ஆக்குங்கள். பிபிபிஓஈ லைனில் 1492 பைட்தான் போகும், அதில் 80 தலைப்புக்குப் போய்விடும். வழக்கமான 1420-ஐ அப்படியே விட்டால் லாகின் பக்கம் திறக்கும், படம் மட்டும் பாதியில் தொங்கும். டிஸ்க் கெட்டுப்போச்சோ என்று நாள் கணக்கில் தேடுவீர்கள். தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழுக்கு 80-ஆம் போர்ட் கிடைக்காதே என்று கவலை வேண்டாம், டொமைன் பதிவில் ஒரு வரி சேர்த்து நிரூபிக்கும் டிஎன்எஸ் சேலஞ்ச் இருக்கிறது.

கரண்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் விடிந்துவிடும். ஒன்று மட்டும்: இன்வெர்ட்டரின் பின்னால் யூபிஎஸ், நார்மல் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். நார்மலில் இருந்தால் கரண்ட் மாறும் அந்த இமைப்பொழுதுக்குள் சர்வர் விழுந்து எழும், மின்விசிறிக்குத் தெரியாது, டேட்டாபேஸுக்குத் தெரியும். யூபிஎஸ்ஸில் வைத்தால் சித்திரை மாதச் சாயங்கால லோ வோல்டேஜில் மணிக்கு நாலு தடவை பேட்டரிக்குத் தாவி, பேட்டரியைத் தின்றுவிடும். அதனால் யூபிஎஸ்ஸில் வைத்து, முன்னால் ஒரு ஸ்டெபிலைசர். ஓஎன்டிக்கும் ரவுட்டருக்கும் 12 வோல்ட் மினி யூபிஎஸ் தனியாக. வாங்கும்போது பின் 5.5க்கு 2.1-ஆ 2.5-ஆ என்று பார்த்து வாங்குங்கள், மாறினால் லூசாக ஆடும். பழைய டெஸ்க்டாப்பை சர்வராக்கி 80 வாட் எரித்தால் இரண்டு மாத பில்லில் 115 யூனிட் அது மட்டுமே. 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறும். 10 வாட் மினி பிசி போதும்.

இவ்வளவும் செய்யலாம். செய்துகொண்டுதான் இருக்கிறோம். லைன் கொடுப்பவர்களுக்கு வீடு என்றால் வீடியோ விழுங்கும் வாய் மட்டும்தான். அந்த வீட்டிலிருந்து பிள்ளைகளுக்குக் கொடுக்கவும் ஏதாவது இருக்கும் என்று அவர்கள் கம்ப்யூட்டரில் ஒரு கட்டமே கிடையாது. புகார்ப் பட்டியலைத் திறந்து பாருங்கள்: "நெட் இல்லை", "நெட் ஸ்லோ", "பில்". நாம் எதைச் சொன்னாலும் "நெட் ஸ்லோ" என்று பதிந்து, ஊக்கோடு ஆளை அனுப்புகிறார்கள்.

அதுவும் இருக்கட்டும். அந்த ஃபைபரை முதல் நாள் இழுத்த விதம் பார்த்தீர்களா? சுவரில் கேபிள் கிளிப் அடிக்கச் சுண்ணாம்புக்காரை பிடிக்கவில்லையாம். முகப்பு நிலையில், பர்மாத் தேக்கில், நூறு வருஷமாக ஒரு கீறல் விழாத கஜலட்சுமியின் யானைத் தும்பிக்கை ஓரமாக வரிசையாக நாலு ஆணி. நாலு!